பத்து கிலோ வித்தியாசம்

திருவண்ணாமலை
10-6-1984

சௌபாக்கியவதி வேதாவுக்கு உன் தாய்மாமன் சகாதேவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, அப்பா, தம்பி தருமன், என் கடையில் இருக்கும் பதினெட்டு வாடகை சைக்கிள்கள், எல்லாரும் சுகம். பதினொன்றாம் நம்பர் சைக்கிளுக்கு மட்டும் பின்சக்கரத்தில் லேசாக வாதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா? பிலாய் வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கம்மியா, ஜாஸ்தியா?

இப்போது உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். அண்ணாமலையார் சாட்சியாகச் சொல்கிறேன், இதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீ நம்ப மாட்டாய், மாப்பிள்ளை நம்ப மாட்டார், வழியில் யாராவது பிரித்துப் படித்தால் அவரும் நம்பாமல் திரும்ப ஒட்டி அனுப்பிவிடுவார்.

நேற்றுக் காலை தேரடித் தெருவே நின்றுபோனது. தபால்காரர் மண்ணாங்கட்டி, அவருக்குப் பின்னால் நானூறு பேர், அவர் கையில் மெட்ராஸிலிருந்து ஓர் உறை. பிரித்தால் கராத்தே போட்டிக்கு அழைப்பு. சும்மா காற்றைக் குத்திக் காட்டுகிற போட்டி இல்லை, நிஜமாகவே அடித்துக்கொள்கிற போட்டி. கையுறை கிடையாது, தலைக்கவசம் கிடையாது. நாமாகப் போய்ப் பெயர் கொடுக்கவும் முடியாது, அவர்களாகக் கூப்பிட வேண்டும். நாட்டையே சல்லடை போட்டுச் சலித்துப் பதினாறு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பதினாறில் ஒருவன் உன் தம்பி! இதைக் கேட்டு மலை ஓர் அடி நகர்ந்தது. நானே அளந்து பார்த்தேன்.

உன் அப்பா மட்டும் நகரவில்லை. "ஜெயிச்சா என்னா குடுப்பாங்க?"ன்னு கேட்டார்.

"முதல் எட்டு பேருக்குள்ள வந்தா கறுப்பு பெல்ட்டு மச்சான். நம்ம ஊர்லயே சொந்தமா வகுப்பு நடத்தலாம்னு அனுமதியும் குடுப்பாங்க."

"வரலைன்னா?"

"வருவான்."

"வரலைன்னா அக்டோபர் ஒண்ணாந்தேதி பிலாய். வேதா வீட்டுக்காரரு சொல்லி வச்ச பட்டறை வேலையில சேரணும். அப்பறம் இந்த ஹூ, ஹா சத்தமே என் காதுல வுழக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்பா"ன்னு சொல்லிவிட்டான் தருமன். ஆக, செப்டம்பர் 16-ஆம் தேதி எங்கள் தலைவிதி ஒரு மேடையில் தீர்மானமாகிறது.

ஒரு சின்னச் சிக்கல். போட்டி விதிகளை ஒரு தாளில் அனுப்பியிருக்கிறார்கள், முழுக்க இங்கிலீஷ். நான் எட்டாவதோடு இங்கிலீஷை மன்னித்து விட்டுவிட்டவன். மாஸ்டர் உமாமகேஸ்வரனைத்தான் உனக்குத் தெரியுமே. காலையில் கோயிலில் அர்ச்சனை, சாயந்திரம் ரைஸ்மில் களத்தில் கராத்தே. குடுமியும் கறுப்பு பெல்ட்டும் ஒன்றாக உள்ள ஒரே மனிதர். "ரூல்ஸ் எல்லாம் மேடை ஏறினா தானா வரும்"ங்கிறார். பி.ஏ. படித்த நீதான் கதி. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழில் எழுதி அனுப்பு.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமா,
சகாதேவன்


பிலாய்
20-6-1984

அன்புள்ள மாமாவுக்கு வேதா வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். அங்கே எல்லாரும் சுகமா? இங்கே எல்லாம் சௌகரியம். குழாயில் நாள் பூராவும் தண்ணீர் வருகிறது. அவருக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறது. பக்கத்து வீட்டு அம்மா நல்ல மாதிரி. அந்த அம்மா ஹிந்தியில் என்ன சொன்னாலும் "அச்சா" என்று சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்.

மலை நகர்ந்ததைப் படித்து ரொம்ப நாளைக்கப்புறம் சத்தம் போட்டுச் சிரித்தேன். தருமனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். வேலைக்கு வந்தால் தங்குவதற்கு முன்னறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கிறேன். அவனுக்குக் காற்று வேண்டுமே.

விதிகள் இவை. முதலாவது, ஓர் ஆட்டம் மூன்று நிமிடம், தோற்றவர் வெளியே. இரண்டாவது, முகத்தில் கையால் குத்தக் கூடாது. மார்பு, வயிறு, விலாவில் குத்தலாம். காலால் எங்கே வேண்டுமானாலும் உதைக்கலாம், தலை உட்பட. பிடித்து இழுக்கக் கூடாது. மூன்றாவது, கீழே விழுந்தவர் மூன்று விநாடிக்குள் எழுந்திருக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. தடுமாறி உடனே எழுந்தால் அரைப் புள்ளி, இரண்டு அரை சேர்ந்தால் வெற்றி. நான்காவது, யாருமே விழாவிட்டால் நான்கு மூலையிலும் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு வெள்ளை என்று கொடி தூக்கித் தீர்ப்புச் சொல்வார்கள். அதிலும் முடிவாகாவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம் ஆட வேண்டும்.

ஐந்தாவது விதியில் மை ஊறிப்போயிருக்கிறது மாமா. படிக்க முடியவில்லை.

ஆறாவது, அதற்கப்புறமும் சமமாக இருந்தால், அன்று காலையில் கையால் அடித்து யார் அதிக ஓடு உடைத்தார்களோ அவருக்கு வெற்றி.

அவ்வளவுதான். அம்மாவை மாத்திரை சாப்பிடச் சொல்லுங்கள்.

வேதா


திருவண்ணாமலை
3-7-1984

அருமை மருமகள் வேதாவுக்கு மாமன் ஆசீர்வாதம். யாவரும் சுகம். உன் அம்மா மாத்திரையை என் கண்ணெதிரில் முழுங்கினாள். நீ இளைத்திருக்கிறாயோ என்று கேட்கச் சொன்னாள்.

விதிகளைக் கடை வாசலில் நின்று உரக்கப் படித்தேன். பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாம். போண்டாக் கடை சந்திரம்மாளுக்கு இரண்டாவது விதி பிடிக்கவே இல்லை. "மூஞ்சியில கை படக்கூடாதாம், கால் படலாமாம்! இது எந்த ஊரு மரியாதை?"ன்னு கேட்டாள். அடுத்த விதியைப் படித்துத் தப்பித்தேன்.

ஐந்தாம் விதி போனால் போகட்டும். எடை பார்ப்போம் என்று அழைப்பிலேயே போட்டிருக்கிறது, அது என் கண்ணுக்கே தெரிந்தது. எடை எதற்குப் பார்க்கிறோம்? நெல் மூட்டையை எதற்குப் பார்க்கிறோம்? ஜாஸ்தி இருந்தால் மதிப்பு ஜாஸ்தி. ஆகவே ஊர் கூடித் தீர்மானம் போட்டுவிட்டது, தருமனை ஏற்றுவது என்று. ஜூன் மாதம் ரைஸ்மில் தராசில் அறுபத்து மூன்று கிலோ இருந்தான். அது ஒரு எடையா?

இப்போதைய நிலவரம். விடிந்ததும் நெய் ஊற்றிப் பன்னிரண்டு தோசை. மாஸ்டரின் அம்மா வடிவாம்பாள் அனுப்பும் சர்க்கரைப் பொங்கல் ஒரு குண்டான். பதினொரு மணிக்கு சந்திரம்மாளின் போண்டா, எண்ணுவதில்லை, கூடையோடு. சாயந்திரம் வேர்க்கடலை, படியால் அளந்து. கோயில் யானை இவனைப் பார்த்துப் பொறாமையில் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது.

பாக்கி அடுத்த கடிதத்தில் என்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதில் போடு.

சகாதேவன்


பிலாய்
13-7-1984

அன்புள்ள மாமாவுக்கு, இங்கு சுகம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. எல்லாம் சௌகரியம். அவருக்கு இந்த வாரம் சாயங்கால ஷிப்ட். முன்னறை ஜன்னலுக்குப் பச்சைத் திரை தைத்தேன். தையல் மிஷின் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

தருமன் நன்றாகச் சாப்பிடட்டும்.

வேதா


திருவண்ணாமலை
28-7-1984

அருமை வேதாவுக்கு மாமன் எழுதுவது. சுகம், சுகம், ஏகப்பட்ட சுகம். நீ ஏன் நாலே வரி எழுதினாய்? கை வலியா?

தருமன் எழுபது கிலோவைத் தொட்டுவிட்டான்! ரைஸ்மில் முதலாளி தன் மூட்டைத் தராசைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார், முள் வளைந்துவிடும் என்று. என் ஏழாம் நம்பர் சைக்கிளில் உட்கார்ந்தான், இரண்டு டயரும் ஒரே சமயத்தில் வெடித்தன. சத்தம் கேட்டு ஆசிரமத்துப் பக்கம் தியானத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து வந்து, "பாம்?" என்று கேட்டார்கள். "நோ பாம், தருமன்" என்றேன். என் மொத்த இங்கிலீஷும் அதில் செலவாகிவிட்டது.

மாஸ்டர் நேற்று அவன் வயிற்றில் ஓங்கிக் குத்தினார். கை உள்ளே போய் மறுபடி வர ஐந்து நிமிடம் ஆனது. இவன் எதிரில் யார் நிற்க முடியும்? செப்டம்பருக்குள் எண்பது.

அவன் உன்னைக் கேட்டான். "அக்கா வேற ஒண்ணும் எழுதலையா மாமா?" என்றான். "எழுதியிருக்கா, நல்லா சாப்பிடச் சொல்லியிருக்கா" என்றேன்.

சகாதேவன்


திருவண்ணாமலை
12-8-1984

வேதாவுக்கு மாமன் எழுதுவது. இங்கு சுகம். உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மண்ணாங்கட்டியைத் தினமும் வழிமறித்துக் கேட்கிறேன். பையைத் தலைகீழாக உதறிக் காட்டிவிட்டுப் போகிறார். எப்படி இருக்கிறாய்? ஒரு கார்டாவது போடு.

தருமன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

சகாதேவன்


தந்தி
பிலாய், 18-8-1984

ஐந்தாம் விதி. சமமானால் பத்து கிலோ குறைந்தவனுக்கு வெற்றி. சாப்பாட்டை நிறுத்துங்கள். ஓடச் சொல்லுங்கள். ஜெயிக்கச் சொல்லுங்கள். வேதா.


பிலாய்
19-8-1984

மாமாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். தாளில் மை ஊறவில்லை. எல்லா எழுத்தும் பளிச்சென்று இருந்தது. கூடுதல் இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் சமமாக இருந்தால் இருவரையும் மேடையிலேயே தராசில் ஏற்றுவார்கள். பத்து கிலோவோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால், எடை குறைந்தவனே வெற்றி பெற்றவன். பெரிய ஆளை எதிர்த்துத் தாக்குப்பிடித்தான் என்பதற்கு மரியாதை. இதுதான் ஐந்தாவது விதி.

நான் மறைத்துவிட்டேன். முதலில் ஒரு விளையாட்டு மாதிரிதான் அந்த வரியை விட்டேன். அப்புறம் நீங்கள் தோசை, போண்டா என்று எழுத எழுத, இவன் ஏறிக்கொண்டே போகிறான், தோற்றுவிடுவான், இங்கே வந்துவிடுவான் என்று தோன்றியது. சுண்ணாம்பு அடித்தேன். திரை தைத்தேன். நன்றாகச் சாப்பிடட்டும் என்று என் கையாலேயே எழுதினேன்.

இங்கே எல்லாம் சௌகரியம் மாமா. ஆனால் காலையில் அவர் கிளம்பினால் திரும்பி வரும்வரை ஒரு தமிழ் வார்த்தை காதில் விழாது. சில நாள் நானே அடுப்போடு பேசுகிறேன்.

போன வாரம் திரையை மாட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். தோற்றுப்போன தருமன் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை. இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. குறைக்க முடியுமா? அவனிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. திட்டுவதாக இருந்தால் என்னை மட்டும் திட்டுங்கள்.

வேதா


திருவண்ணாமலை
29-8-1984

அருமை வேதாவுக்கு மாமன் ஆசீர்வாதம். எல்லாரும் சுகம். தந்தி கிடைத்தது. கடிதமும் கிடைத்தது.

ஊரில் புரட்சி! தந்தியைப் படித்த அரை மணியில் உன் அம்மா தோசைக்கல்லைக் கவிழ்த்துவிட்டாள். சந்திரம்மாள் போண்டாக் கூடையைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டாள், தப்பித்தவறி அவன் கண்ணில் படக்கூடாது என்று. விடியற்காலையில் மலையை ஒரு சுற்று, சாயந்திரம் ஒரு சுற்று, பதினாலு பதினாலு இருபத்தெட்டு கிலோமீட்டர், ஓட்டமாக. நான் பின்னால் ஏழாம் நம்பர் சைக்கிளில். எதிரில் வரும் சாமியார்கள் பாதை விட்டு ஒதுங்குகிறார்கள். அஷ்டலிங்கத்தையும் அவன் கும்பிடுகிற வேகத்தில் இரண்டு லிங்கம் அவனைக் கவனிக்கவே இல்லையாம்.

கணக்கு இதுதான். எழுபத்திரண்டு கிலோ எதிராளி வந்தால் இவன் அறுபத்திரண்டுக்குள் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் விழாமல் நின்றால் போதும். நிற்பதற்கு மாஸ்டர் சொல்லித் தருகிறார். வரிசையாக எட்டுப் பையன்கள் வந்து தொடையில் உதைக்கிறார்கள், இவன் நின்றுகொண்டே இருக்கிறான். தொடை இரண்டும் கத்திரிக்காய் நிறம். இது பொய் இல்லை, கத்திரிக்காயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

சகாதேவன்


திருவண்ணாமலை
18-9-1984

சௌபாக்கியவதி வேதாவுக்கு மாமன் எழுதுவது. சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. சுகமாகத்தான் இருப்பாய், இதைப் படித்தால் இன்னும் சுகமாவாய்!

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூட ஹால். பத்தாயிரம் பேர். உள்ளே இடமில்லாமல் ஆயிரம் பேர் மின்விசிறிகளில் தொங்கினார்கள். மேடை நடுவில் சிவப்புக் கம்பளம், நாலு மூலையிலும் நாலு நடுவர், நடுவில் ஒருவர். காலையில் ஓடு உடைத்தார்கள். உன் தம்பி பதினொன்று. சீட்டுக் குலுக்கினார்கள். அவனுக்கு வந்தவன் கோலார் தங்கவயல் வேணு.

வேணு நடந்து வந்தபோது தேர்தான் வருகிறது என்று நான் எழுந்து வழிவிட்டேன். சுரங்கத்தில் வேலை செய்பவனாம். கடப்பாரை வேண்டாமாம், நகத்தாலேயே தங்கம் தோண்டுவானாம். அவன் ஓடு பதினாறு! புரிகிறதா? சமமாகி எடையிலும் தீராவிட்டால் ஓட்டுக் கணக்கில் நாம் காலி. தராசுதான் ஒரே வழி.

மணி அடித்தது. வேணுவின் முதல் குத்து தருமன் விலாவில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு வெளியே இரண்டு பஸ் நின்றது. தருமன் ஓர் அடி பின்னால் போனான், மறுபடி முன்னால் வந்தான். தொடையில் உதைத்தான் வேணு, இவன் நின்றான். மறுபடி உதைத்தான், மறுபடி நின்றான். உன் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் சதுரமாகிவிட்டது. "சகாதேவா, அவன நிறுத்தச் சொல்லுடா, புள்ளையப் போட்டு இப்படி அடிக்கிறான்"ன்னு அழுகிறாள். பக்கத்தில் உன் அப்பா, மெட்ராஸில் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கூட வந்தவர், நாற்காலி மேல் ஏறி நின்று, "உள்ள பூந்து குத்துடா டேய்!" என்று கத்துகிறார். ஹூ ஹா காதில் விழக்கூடாது என்ற அதே மனிதர்!

மூன்று நிமிடம். கொடி. இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை. நடு நடுவர் இரண்டு கையையும் குறுக்கே வெட்டிச் சமம் என்றார். ஹாலில் பத்தாயிரம் பேரும் மூச்சை இழுத்தார்கள், ஜன்னல் கதவெல்லாம் உள்ளே வந்துவிட்டது.

கூடுதல் இரண்டு நிமிடம். வேணு காலைத் தலைக்கு வீசினான். தருமன் குனிந்தான், குடுமி இருந்திருந்தால் போயிருக்கும். எழும்போது வயிற்றில் மூன்று குத்து வைத்தான் பார், ஒன்று, இரண்டு, மூன்று, அந்தத் தேர் ஓர் அங்குலம் அசைந்தது. கடைசி இருபது விநாடி இருவரும் நெற்றியோடு நெற்றி ஒட்டி அடித்துக்கொண்டே இருந்தார்கள். மணி. மறுபடியும் இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை. மறுபடியும் சமம்.

தராசைக் கொண்டு வந்தார்கள்.

வேணு ஏறினான். எழுபத்தொன்றே முக்கால். உன் அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "அறுபத்தொண்ணே முக்கா. அதுக்கு மேல ஒரு குந்துமணி இருந்தாலும் போச்சு."

தருமன் சட்டையைக் கழற்றினான். பெல்ட்டைக் கழற்றினான். மூச்சையும் வெளியே விட்டுவிட்டு ஏறினான். முள் ஆடியது. அறுபத்திரண்டுக்குப் போனது. திரும்பியது. அறுபத்தொன்றுக்கு வந்தது. மறுபடி ஏறியது. அந்த முள் ஆடிய நேரத்தில் ஒரு கார்த்திகை தீபம் வந்து போயிருக்கும். நின்றது.

அறுபத்தொன்றரை!

பத்தே கால் கிலோ வித்தியாசம். நடுவர் தருமன் கையைத் தூக்கினார். வேணு, பாவம், எல்லாருக்கும் முன்னால் வந்து இவனைக் கட்டிக்கொண்டான். தருமன் இறங்கி வந்தான், "வடக்கு எந்தப் பக்கம்?"ன்னு கேட்டான், அந்தப் பக்கம் திரும்பி, மேடையில் குனிகிற மாதிரியே இடுப்பு வரை குனிந்து வணங்கினான். பிலாய் அங்கேதானே இருக்கிறது. கூரை பிய்ந்து பூமாரி பெய்தது. நான் அழவில்லை, பூசணிக்காய் அளவு தூசி ஒன்று கண்ணில் விழுந்துவிட்டது.

முதல் எட்டில் ஒருவன் உன் தம்பி. கறுப்பு பெல்ட். தை மாதம் திருவண்ணாமலையில் வகுப்பு. அடுத்த ஆட்டத்தில் பம்பாய்க்காரன் ஒருவனிடம் நாற்பது விநாடியில் தோற்றான். அதை விரிவாக எழுத இந்தத் தாளில் இடமில்லை.

சகாதேவன்


பிலாய்
27-9-1984

அன்புள்ள மாமாவுக்கு வேதா வணக்கம். இருவரும் சுகம். அங்கே தருமன் தொடை எப்படி இருக்கிறது? மஞ்சள் பற்று போடுகிறானா?

கடிதம் வந்தபோது வாசலிலேயே பிரித்தேன். அறுபத்தொன்றரை என்று படித்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். என்ன ஆயிற்று என்று நான் தமிழில் சொன்னேன், உதைத்துக் காட்டினேன், தராசில் ஏறிக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சாயந்திரம் நாலு வீட்டுக்காரர்கள் இனிப்போடு வந்தார்கள். நான் மறுபடி உதைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டார், மைத்துனன் வரமாட்டான் என்று.

மாமா, மின்விசிறியில் ஆயிரம் பேர் தொங்கியதை நம்புகிறேன். சதுர மோதிரத்தை நம்புகிறேன். வடக்குப் பார்த்துக் கும்பிட்டான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நம்ப முடியவில்லை. நான் வருத்தப்படக் கூடாது என்று நீங்கள் சேர்த்தது அது. இரண்டு மாதம் மறைத்தவளை அவன் ஏன் கும்பிட வேண்டும்? என் ஆகஸ்டு மாதக் கடிதத்துக்கு நீங்கள் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. ஒரு தடவை, ஒரே தடவை, நிஜத்தை எழுதுங்கள்.

வேதா


திருவண்ணாமலை
7-10-1984

என் கண்ணு வேதாவுக்கு மாமன் எழுதுவது. எல்லாரும் சுகம். இந்த ஒரு வரியும் இதற்குக் கீழே உள்ளதும் நிஜம். பழக்கமில்லை பார், இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது.

அழைப்பு வந்த அன்றே மாஸ்டர் ரைஸ்மில் களத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டு எல்லா விதியையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஐந்தாவது விதிக்கு இரண்டு தடவை கோடு போட்டார். அவருக்கு என்னைவிட, உன்னைவிட நல்ல இங்கிலீஷ். தருமன் ஒரு போண்டாவும் கூடுதலாகத் தின்னவில்லை. ஜூனில் அறுபத்து மூன்று, ஆகஸ்டிலும் அறுபத்து மூன்று. எழுபது கிலோ என் பேனாவில் மட்டும்தான் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன்? அன்று சாயந்திரம் தருமன் கடைக்கு வந்தான். "நான் போட்டிக்குப் போவல மாமா, பிலாய்க்கே போறேன்" என்றான்.

"ஏன்டா?"

"அக்கா எல்லா கடுதாசியிலயும் சௌகரியம், சௌகரியம்னு எழுதுது. சௌகரியமா இருக்கறவங்க அதை எழுத மாட்டாங்க மாமா. அது அங்க தனியா கெடக்குது. என்னை எதிர்பாக்குது."

"அவளையே கேட்டுடலாமே."

"கேட்டா, உன் இஷ்டம்டான்னு சொல்லிடும். அது மனசு நமக்குத் தெரியாது."

உன்னை நேராகக் கேட்டால் நீ நிஜம் சொல்ல மாட்டாய், என்னை நேராக எழுதச் சொன்னால் நானும் எழுத மாட்டேன். நம் வம்சம் அப்படி. ஆகவே அந்தத் தாளை உன்னிடம் அனுப்பினேன், அவன் அங்கே வர வேண்டும் என்று உனக்கு இருந்தால் ஏதாவது ஒரு விதியை நீ விழுங்குவாய் என்று. மை ஊறிவிட்டது என்று நீ எழுதினபோதே அவன் சொன்னது சரி என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை. அவன் களத்துக்குப் போனான், வந்தான், ஆனால் மனசில்லை. மலை சுற்றக் கூப்பிட்டால் கால் வலி என்பான். தோசைக் கதையை நான் ஜாஸ்தியாக்கிக்கொண்டே போனது உன்னை எப்படியாவது பேச வைக்க. நீ பேசாமலே இருந்திருந்தால் அவனை நானே ரயில் ஏற்றி அனுப்பியிருப்பேன். உன்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தையும் எழுதியிருக்க மாட்டேன்.

தந்தி வந்தது. அதைத்தான் அவன் கையில் கொடுத்தேன். மூன்று தடவை படித்தான். "ஜெயிக்கச் சொல்லுங்கள்னு அக்காவே போட்டிருக்குது"ன்னான். அடுத்த நாள் விடியற்காலை எனக்கு முன்னால் எழுந்து ஓடினான். நாலு வாரத்தில் ஒன்றரை கிலோ குறைத்தான். அந்த ஒன்றரை கிலோதான் ஜெயித்தது, வேதா. இல்லையென்றால் தராசில் போயிருக்கும். உன் ஆகஸ்டு கடிதத்தை நான் மட்டும் படித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பதில் எழுதத் தெரியாமல்தான் சாமியார்களை ஒதுக்கி, லிங்கங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே மன்னிப்பு என்று ஒன்று உண்டானால் நான்தான் கேட்க வேண்டும், இரண்டு பேரிடமும்.

வகுப்பு தையில்தான். அதுவரை இங்கே அவனுக்கு வேலை இல்லை. புதன்கிழமை உன் அம்மாவும் அவனும் மெட்ராஸில் ரயில் ஏறுகிறார்கள், பொங்கல் வரை உன்னிடம் இருப்பார்கள். உன் அம்மா பேச ஆரம்பித்தால் தமிழ் போதும் போதும் என்று நீயே எழுதுவாய்.

கடைசியாகக் கணக்குத் தீர்க்கிறேன். ஹாலில் முந்நூறு பேர். மின்விசிறியில் யாரும் தொங்கவில்லை, பாதி விசிறிகள் ஓடவே இல்லை. வேணு தேர் இல்லை, நம் தருமனைவிட ஒரு பிடி உயரம், சாந்தமான பையன். பஸ் நிற்கவில்லை. பூமாரி பெய்யவில்லை. என் மோதிரம் உருண்டையாகத்தான் இருக்கிறது.

ஆனால் தராசிலிருந்து இறங்கியதும் உன் தம்பி என்னிடம்தான் வந்தான். "வடக்கு எந்தப் பக்கம் மாமா?"ன்னான். தெரியாத ஊர், பதற்றம், நான் கையை நீட்டின பக்கம் ஜன்னலுக்கு வெளியே ஒரு சோடாக் கடைதான் இருந்தது. அது மேற்கு என்று பிறகு தெரிந்தது. அவன் அந்தச் சோடாக் கடையைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தான், நிமிர வெகுநேரம் ஆனது. அது மட்டும் நிஜம்.

உன் மாமா,
சகாதேவன்